இன்னா ஊத்துன?

சேக்காட்டில் அந்த ஆளின் மெக்கானிக் கடைக்கு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் "வாங்க" என்று ஒரு வார்த்தை வராது. வண்டிக்கு என்ன என்றும் கேட்கமாட்டார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வண்டியை விட்டுவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார். பிறகு கேட்பார்.

"இன்னா ஊத்துன?"

கொலைக்கேஸில் பிடித்துவந்தவனிடம்கூட போலீஸ்காரன் முதலில் பேரைக் கேட்பான்.

நான் ஸ்டாஃப் வேன் ஓட்டுகிறவள். விடிகாலையில் கள்ளிக்குப்பத்தில் எடுத்து, அம்பத்தூர், திருவேற்காடு என்று வழியெல்லாம் பொம்பளைப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, பூந்தமல்லி தாண்டி ஒரு கம்பெனி வாசலில் இறக்கவேண்டும். சொந்த வண்டி. இந்த வேலையில் மரியாதையாகப் பேசுகிறவர்களை நான் எதிர்பார்ப்பதில்லை, நானும் அப்படிப் பேசுகிறவள் இல்லை. ஆனால் அந்த ஆள் பேசியதைப் போல் ஒருத்தனும் என்னிடம் பேசியதில்லை.

அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் இந்த நீல மூடியைப் பற்றிச் சொல்லவேண்டும். இப்போது வருகிற டீசல் வண்டிகள் பலவற்றில் இரண்டு மூடி இருக்கிறது. ஒன்று டீசலுக்கு. இன்னொன்று நீலமாக இருக்கும். அதில் தண்ணீர் மாதிரி ஒன்றை ஊற்றவேண்டும். வண்டி ஓடும்போது அது சைலன்சருக்குள் சொட்டுச் சொட்டாகப் பீய்ச்சப்பட்டு, புகையில் இருக்கிற விஷத்தைக் கொல்லும். டப்பாவின் மேல் என்னென்னவோ எழுதியிருக்கிறான். ரோட்டில் அதற்கு ஒரே பேர், யூரியா. இந்தப் பேரை வைத்தவன் கையில் கிடைத்தால் நான் சும்மா விடமாட்டேன். பாதிப் பேர் வண்டி கெட்டது அந்தப் பேரால்தான்.

அந்தத் தண்ணீர் சரியில்லை என்று வண்டிக்குத் தோன்றினால் ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு விளக்கு எரியும். கண்டுகொள்ளாமல் ஓட்டினால், இன்னும் இத்தனை கிலோமீட்டர்தான் என்று கெடு வைக்கும். கெடு குறையக் குறைய இழுவை போகும். கடைசியில் ஒருநாள் அணைத்த வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகாது. நடுரோடு, வீட்டு வாசல் என்று பார்க்காது.

தண்ணீரைச் சோதிக்க வண்டியில் இரண்டு இடத்தில் சென்சார் இருக்கிறது. அவர் பாஷையில் சைலன்சர் பைப்பில் இருப்பது மூக்கு, டேங்குக்குள் இருப்பது நாக்கு.

"மூக்குக்கு சளி புடிக்கும். கரி அடைக்கும். தப்பா சொல்லும், நான் ஒத்துக்கறேன். நாக்கு அப்படி இல்ல. நாக்கு தப்பா சொல்லுச்சுன்னா அதுக்குப் பின்னாடி ஒரு மனுஷன் கீறான்னு அர்த்தம்."

இதுதான் அவர் வேதம். சென்சார் பொய் சொல்லாது, மனிதன்தான் சொல்வான். மற்ற இடங்களில் விளக்கு எரிந்தால் சென்சாரைக் கழற்றுவார்கள். இவர் ஆளைக் கழற்றுவார்.

அதற்கு ஒரு சாமான் வைத்திருந்தார். ஒரு சாண் நீளத்துக் குழல். ஒரு முனையில் கண் வைக்கிற இடம், மறுமுனையில் சாய்வாக வெட்டிய கண்ணாடி. கண்ணாடி மேல் டேங்கிலிருந்து எடுத்த ஒரு சொட்டை விட்டு, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் உள்ளே ஒரு கோடு தெரியும். கோடு சரியான இடத்தில் நின்றால் நல்ல சரக்கு. இறங்கி நின்றால் எவனோ எதையோ கலந்திருக்கிறான். பட்டப்பகலில் நடுத்தெருவில் நின்று சூரியனுக்கு நேராகக் குழலைத் தூக்கி அவர் ஒற்றைக் கண்ணால் பார்க்கும்போது, புதிதாக வருகிறவன் கிரகணம் என்று நினைத்து அவனும் மேலே பார்ப்பான்.

அந்தக் குழலை வண்டியோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். டீக்கடைக்குப் போனால் டீயில் ஒரு சொட்டு. கரும்பு ஜூஸ்காரனிடம் ஒரு சொட்டு. பால்காரர் ஒருவர் அவர் தெருமுனை வந்தாலே சைக்கிளைத் திருப்பிக்கொண்டு சுற்றிப் போவார். அந்தக் குழல் பாலுக்கெல்லாம் உண்டானதே இல்லை, கோடு அதுபாட்டுக்கு எங்கேயோ நிற்கும். ஆனால் இவர் அதைச் சொல்லமாட்டார். பார்த்துவிட்டுக் குழலைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு கேட்பார். "இன்னா ஊத்துன?" பால்காரரே ஒருநாள் அழாக்குறையாக ஒத்துக்கொண்டாராம்.

அவர் சம்சாரம் கடைக்குச் சோறு கொண்டுவரும். ஒருநாள் நானும் அங்கே நின்றிருந்தேன். பெட்டியைத் திறந்தார், முகர்ந்தார், நிமிர்ந்து பார்த்தார். அந்தம்மா அவர் வாயைத் திறக்கவிடவில்லை.

"ரசம். தண்ணி, புளி, மொளகு. வேற ஒண்ணும் ஊத்தல. துன்னா துன்னு, இல்லாங்காட்டி அந்தக் குழாவையே கடிச்சிக்கினு கெட."

என்னைத் திரும்பிப் பார்த்து அந்தம்மா சொன்னார்: "கண்ணாலத்தன்னைக்கு எங்கப்பாகிட்ட சாம்பார்ல இன்னா ஊத்துனீங்கன்னு கேட்ட ஆளும்மா இது."

பூந்தமல்லி பக்கத்து டிப்பர் லாரிக்காரர் ஒருவர் வந்தார். பெரிய மீசை, வெள்ளைச் சட்டை. வண்டி மூச்சுவாங்கிக்கொண்டு வந்து நின்றது.

"இன்னா ஊத்துன?"

"யூரியாதான் அண்ணாத்தே."

"எந்த யூரியா?"

"யூரியான்னா யூரியாதான். உரக்கடையில மூட்டையா வாங்கனேன். ட்ரம்முல கரைச்சி வேட்டியில வடிகட்டி ஊத்துனேன்." வடிகட்டியதைச் சொல்லும்போது மீசையைத் தடவிக்கொண்டார்.

"வடிகட்டுனியா?"

"ரெண்டு தபா."

"களை எடுத்தியா?"

"இன்னாது?"

"உரம் போட்டா களை எடுக்கணும் மாமே. சைலன்சருக்குள்ள நாத்து நட்டுக்கினு வந்துகீற."

பீய்ச்சுகிற குழாயைக் கழற்றினால் நுனியெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடந்தது. மீசைக்காரர் அதைத் தொட்டு நாக்கில் வைக்கப் போனார், இவர் கையைத் தட்டிவிட்டார். கூட வந்திருந்த கிளீனருக்கு அப்போதுதான் புத்தி வேலை செய்தது.

"அண்ணாத்தே, யூரியான்னா மூத்திரத்துல கீறதுதானே? சும்மா கெடைக்கறத எதுக்கு வாங்கி ஊத்தணும்?"

"உனுக்கு சக்கரை கீதா?"

"கீது."

"அப்போ வாணாம். வண்டிக்கும் வந்துடும்."

ஒத்துக்கொண்டால் மட்டும் விடமாட்டார். பரிகாரம் உண்டு. ஊற்றினவனே குனிந்து டேங்கைக் காலி செய்யவேண்டும். ஊற்றினவனே கழுவவேண்டும். கழுவும்போது தெருவில் போகிறவர்கள் கேட்டால் என்ன ஊற்றினேன் என்று அவன் வாயாலேயே சொல்லவேண்டும். நாங்கள் கிறிஸ்தவர்கள். எங்கள் கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தால் ஃபாதர் காதோடு கேட்டுக் காதோடு மன்னித்துவிடுவார். இந்த ஆள் நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு, ஊருக்கே ஸ்பீக்கர் வைத்துப் பாவசங்கீர்த்தனம் நடத்தினார்.

இதில் எல்லோரும் சொல்லிச் சிரிக்கிற கதை அமரர் ஊர்தியுடையது. ஒரு டிரஸ்ட்டின் வண்டி. விளக்கு எரிந்து, கெடு குறைந்து, இழுவை போய், நடக்கிற வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருத்தரும் கவனிக்கவில்லை. அது போகிற வேகமே அதுதானே? முன்னால் மேளக்காரன் போகிறான், பின்னால் ஜனம் போகிறது, நடுவில் வண்டி ஊர்கிறது. படுத்திருக்கிறவர் புகார் சொல்லப்போவதில்லை. சுடுகாட்டிலிருந்து திரும்பும்போதும் அதே ஊர்வலம். பின்னால் ஹாரன் அடித்து அடித்துச் சலித்த ஒரு பஸ் டிரைவர், சண்டைக்கென்று இறங்கி வந்தவர், வண்டி என்ன வண்டி என்று பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுப் போயிருக்கிறார். உள்ளே ஒருத்தரும் இல்லை. காலி வண்டி.

அந்த டிரைவர் இவரிடம் அரைமணி நேரம் தாக்குப்பிடித்தார். சாவு வீட்டுக்காரர்கள் மேல் பழியைப் போட்டார், டிரஸ்ட் மேல் போட்டார். கடைசியில் தலையைச் சொறிந்தார். பந்தலில் மிஞ்சின தண்ணிப் பாக்கெட்டை முனையைக் கடித்து நீல மூடிக்குள் பீய்ச்சினாராம். வீணாப் போவுதேன்னு.

"செத்தவன் ஊட்டுத் தண்ணிய வண்டிக்கு ஊத்துனியே, அது எப்படிப்பா எழுந்திரிக்கும்?" என்றார் இவர்.

அவர் எப்போதும் ஜெயித்தார் என்று நினைக்கவேண்டாம். ஆவடியில் ஒரு அடுக்குமாடியில் குடியிருக்கிற திருநெல்வேலிக்காரர், கம்ப்யூட்டர் வேலை, பெரிய டீசல் காரை எடுத்துவந்தார். சாதுவான ஆள். இவர் அவரை மத்தியானம் முழுக்க நிற்கவைத்து விசாரித்தார். "அண்ணாச்சி, சத்தியமா நான் ஒண்ணும் ஊத்தலை" என்று அவர் சொல்லச் சொல்ல, இவர் டீ வாங்கிக்கொடுத்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். சாயங்காலம் அந்த மனிதர் பெண்டாட்டிக்குப் போன் போட்டு, "ஏட்டி, நான் தூக்கத்துல எந்திரிச்சுக் கீழ போறதுண்டா?" என்று கேட்டதை நானே காதால் கேட்டேன். குழலில் பார்த்தால் கோடு சரியாக நின்றது. அப்புறம்தான் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். டேங்குக்குப் போகிற ஒயரை எலி கடித்திருந்தது.

மன்னிப்பு கேட்டாரா? அந்த மனிதரிடம் இல்லை. டேங்கைத் தட்டிக்கொடுத்தார்.

"நாக்கு கரெக்டாத்தான் சொல்லிக்கீது. நரம்ப எலி கடிச்சிடுச்சு. பாவம், பேச முடியல."

இப்போது அந்தக் கடை இல்லை. மகள் வீட்டோடு ஓசூர் பக்கம் போய்விட்டதாகச் சொல்கிறார்கள். அந்த மருமகனை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது.

என் வண்டிக்கு விளக்கு எரிந்தபோது நான் முதலில் போனது அவரிடம் இல்லை. வேறொரு இடத்தில் மூக்கை மாற்றினார்கள். டேங்கையும் காலி செய்து புதிதாக நிரப்பினார்கள். விளக்கு அணைந்தது. சில வாரம் போயிற்று, மறுபடி எரிந்தது. திருவேற்காட்டிலிருந்து பைபாஸ் ஏறுகிற மேட்டில் வண்டி திணறியது. பின்சீட்டிலிருந்து ஒருத்தி, "அக்கா, நாங்க எறங்கி முன்னாடி நடக்கறோம், நீ மெதுவா வந்து ஏத்திக்கோ" என்றாள். எல்லாம் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்த வாரத்தில் இரண்டாம் முறையாகப் பிள்ளைகள் ஷிஃப்ட்டுக்குத் தாமதம்.

கம்பெனியில் வண்டிகளைப் பார்த்துக்கொள்கிற அதிகாரி நல்ல மனிதர்தான், அதனால்தான் நேராகச் சொன்னார்.

"மேடம், இன்னொரு தடவை லேட்டானா ரூட்ட வேற வண்டிக்கு மாத்தச் சொல்லிட்டாங்க. என் கையில ஒண்ணும் இல்ல."

அந்த ரூட் போனால் வண்டி வாசலில் நிற்கும். நான் அதற்குப் பக்கத்தில் நிற்கவேண்டியதுதான். அந்தக் கோபத்தோடுதான் சேக்காட்டுக்குப் போனேன். இறங்கிக் கதவைச் சாத்தக்கூட இல்லை.

"இன்னா ஊத்துன?"

"ஒண்ணும் ஊத்தல. டப்பாவுல விக்கறத வாங்கி ஊத்துனேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

"எல்லாரும் எக்கேடோ கெடட்டும். நான் சொல்றேன்."

"நாக்கு வேற சொல்லுதே."

"யோவ், என் நாக்கு சொல்றது உன் காதுல உழலையா?"

அவர் அசரவில்லை. ஒரு சொட்டு எடுத்தார், சூரியனைப் பார்த்தார், குழலை என்னிடம் நீட்டினார். கோடு இறங்கித்தான் இருந்தது. வண்டிக்குள் மீதி வைத்திருந்த டப்பாவை எடுத்துவந்து அதிலிருந்து ஒரு சொட்டு விடச் சொன்னேன். அது சரியாக நின்றது.

"டப்பாவுல நல்லா கீது, டேங்குல கெட்டுக்கீது. நடுவுல யாரு?"

"நான்தான்."

"அப்போ ஒத்துக்கோ."

"நீ சென்சார் தப்புன்னு ஒத்துக்கோ."

பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் வேலையை நிறுத்திவிட்டு முக்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். அவ்வளவு சத்தம். கடைசியில் டேங்கைக் காலி செய்து நிரப்பிக் கொடுத்தார். பரிகாரம் செய்யமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். செய்யாத பாவத்துக்கு நான் எதற்குக் குனியவேண்டும்?

விளக்கு அணைந்தது. அடுத்த மாதம் திரும்பவும் எரிந்தது.

இந்த முறை நான் அவர் சட்டைப் பையிலிருந்து குழலைப் பிடுங்கிக்கொண்டேன். எதிர்ச் சாக்கடைக்கு நேராக நீட்டிப் பிடித்தேன். "எனக்கு ரூட்டு போவப்போவுது. இன்னும் ஒரு தபா இன்னா ஊத்துனன்னு கேட்டா, இத்த உள்ள போட்டுருவேன்."

அன்றைக்குத்தான் அவர் முகத்தில் பயத்தைப் பார்த்தேன். எனக்காக இல்லை, குழலுக்காக. பிறகு வேறு மாதிரி பேசினார். வண்டியை ஓட்டு, ஆனால் மேலே ஒன்றும் நிரப்பாதே. நாளைக்குச் சனிக்கிழமை, கடைசி டிரிப் முடித்துவிட்டு வா, ஒரு சொட்டு எடுக்கிறேன். திங்கட்கிழமை வா, இன்னொரு சொட்டு எடுக்கிறேன்.

சனிக்கிழமை எடுத்தார். கோடு நின்ற இடத்தை என்னையே பார்க்கச் சொன்னார். திங்கட்கிழமை எடுத்தார். கோடு அதற்கும் கீழே இறங்கியிருந்தது.

"சனிக்கும் திங்களுக்கும் நடுவுல இன்னா கீது?"

"ஞாயித்துக்கெழம."

"அன்னிக்கு வண்டி எங்க?"

"எங்க ஊட்டாண்டதான். நான் கறி எடுக்கப் போவேன். எங்க ஊட்டுக்காரு வண்டியக் கழுவுவாரு."

சொல்லும்போதே எனக்கு நாக்கு உலர்ந்துவிட்டது. "இட்டுக்கினு வா" என்றார்.

எங்கள் வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறார். நான் ஒரு சிக்னலில் பேசுவதை அவர் ஒரு வாரத்தில் பேசினால் அதிகம். ஷிஃப்ட் முடிந்து, கையில் சாப்பாட்டுப் பையோடு நேராக வந்தார். அந்த ஆள் எழுந்து தன்னுடைய நாற்காலியை அவருக்குப் போட்டார். அந்தக் கடையில் விசாரணைக்கு வந்த எவனுக்கும் நாற்காலி கிடைத்ததை நான் பார்த்ததில்லை.

"இன்னா ஊத்துனீங்க?" மரியாதையோடு கேட்டார். அதையும் நான் கேட்டதில்லை.

எங்கள் வீட்டுக்காரர் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"சொன்னா கத்துவ."

"கத்தமாட்டேன்!" என்றேன். பஞ்சர் கடைக்காரர் கையிலிருந்த டியூபைக் கீழே போட்டுவிட்டார்.

"தீர்த்தம்" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. வண்டி வாங்கினபோது ஃபாதர் வந்து மந்திரித்தார். தீர்த்தத்தை வண்டி மேல் தெளித்தார். அது மேலோடு போச்சு, முதல் மழையிலேயே கழுவிக்கொண்டு போயிருக்கும் என்று எங்கள் வீட்டுக்காரருக்கு மனசுக்குள் இருந்திருக்கிறது. அதனால் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் கோயிலில் ஒரு தண்ணி பாட்டிலில் தீர்த்தம் பிடித்துக்கொண்டு வந்து, வண்டியைக் கழுவிவிட்டு, நீல மூடியைத் திறந்து ஊற்றியிருக்கிறார். ஒரு பாட்டில் முழுக்க. வாரா வாரம்.

"அதுல போயி எதுக்குங்க?" அந்த ஆள் குரல் இறங்கிவிட்டது.

"டீசல் மூடியில ஊத்தக்கூடாதுன்னு தெரியும். இது நீலம். மாதா பொடவைக் கலரு. இவ எப்பவும் தண்ணி தீந்துபோச்சு, தண்ணி ஊத்தணும்னுதான் சொல்லுவா. அதான், தண்ணிக்கு உண்டான எடம்னு நெனச்சேன்."

நான் அப்படித்தான் சொல்வேன். இருபது தடவை சொல்லியிருப்பேன். யூரியா என்று ஒருநாள்கூட அவரிடம் சொன்னதில்லை, அந்தப் பேரே எனக்கு ஆகாது.

"ஒரு தபா ஊத்துனா போதாதா? எதுக்கு வாரா வாரம்?"

"அது தீந்துபோவுதுங்களே."

அந்த ஆள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டுக்காரர் சாப்பாட்டுப் பையின் காதைத் திருகிக்கொண்டே, யாரிடம் என்று இல்லாமல் பேசினார்.

"காலங்காத்தால திட்டிக்கினே வண்டிய எடுக்கறா. ரோட்டுல போறவன் வரவன்கிட்ட எல்லாம் சண்ட. பஸ்ஸுக்காரனயும் உடறதில்ல. ஒருநாள் எவனாவது..." மேலே சொல்ல வரவில்லை. "உள்ள போயி இருக்கட்டும்னுதான் ஊத்துனேன்."

நான் கத்தவில்லை. கத்தமாட்டேன் என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டேன், அதனால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பரிகாரத்துக்காகக் காத்திருந்தேன். அந்த ஆள் தானே குனிந்து டேங்கைக் காலி செய்தார். கேனைத் தூக்கிக்கொண்டு சாக்கடைப் பக்கம் நடந்தவரை எங்கள் வீட்டுக்காரர், "ஐயா, அதுல ஊத்தாதீங்க, மந்திரிச்சது" என்று எழுந்து நிறுத்தினார். கேனோடு அப்படியே நின்றார். யோசித்தார். கடைக்குப் பின்னால் போய் அங்கே நின்ற முருங்கை மரத்தின் அடியில் ஊற்றிவிட்டு வந்தார்.

"அதுக்கு யூரியாவும் ஆச்சு, தீர்த்தமும் ஆச்சு" என்றார்.

பிறகு என்னிடம் திரும்பினார். இதற்காகவே ஒரு மாதம் காத்திருந்த ஆளாயிற்றே.

"பாத்தியா, நாக்கு பொய் சொல்லல."

"நானும்தான் சொல்லல."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டார்.

"ஆமா," என்றார். "நீயும் சொல்லல."

அந்தக் கடையில் ஒரு மனிதன் வாயிலிருந்து வந்ததை அவர் பொய் இல்லை என்று ஒத்துக்கொண்டது அந்த ஒரு தடவைதான் என்று பஞ்சர் கடைக்காரர் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

கிளம்புகிற நேரம். எங்கள் வீட்டுக்காரர் வண்டியில் ஏறாமல் அந்த ஆள் பக்கத்திலேயே நின்றார். மெதுவாகக் கேட்டார்.

"இனிமே ஊத்தவே கூடாதுங்களா?"

அந்த ஆள் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். போய் வண்டியின் முன்பக்க மூடியைத் தூக்கினார். ஓரத்தில் ஒரு சின்ன வெள்ளை டப்பா, கண்ணாடி கழுவுகிற வைப்பர் தண்ணிக்கு உண்டானது. அதன் மூடியைத் திறந்து காட்டினார்.

"இதுல ஊத்துங்க சார். ரொம்ப ரொம்ப ஊத்துங்க. இத்தக் கேக்கறதுக்கு நாக்கும் கெடயாது, மூக்கும் கெடயாது."

மறுநாள் பைபாஸ் மேட்டில் வண்டி இழுத்த இழுப்பில் பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள். கம்பெனி கேட்டைத் திறப்பதற்கு முன்னால் போய் நின்றேன். ரூட் என்னிடமே இருக்கிறது.

வாரா வாரம் எங்கள் வீட்டுக்காரர் அதில்தான் ஊற்றுகிறார். எனக்குத் தெரிந்தே ஊற்றுகிறார். காலையில் எவனாவது கை காட்டாமல் குறுக்கே விழுந்தால், என் வாய் திறப்பதற்கு முன்னால் விரல் வைப்பர் குச்சிக்குப் போகிறது. கண்ணாடியில் சொர்ரென்று அடிக்கும். கொஞ்சம் எகிறிப் பக்கத்தில் போகிறவன் மேலும் தெறிக்கும். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்துத் திட்டுவான்.

திட்டட்டும். அவனுக்கும் சேர்த்துத்தான் மந்திரித்தது.